எல்லாம் ஏற்கிறேன்

இணையத்தளம் ஒன்றைத் திறந்ததும் கீழேயிருந்து எழும்பி வரும் அந்தப் பெட்டியை இப்போது கண்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. “உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம்” என்று தொடங்கும். உண்மையாகவே மதிப்பவர் எவரும் வாசலில் மறித்து நின்று அதைச் சொல்வதில்லை. அதற்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தான்: எல்லாம் ஏற்கிறேன். பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கக் கடினமான சாம்பல் எழுத்தில் வேறேதோ இருக்கும். ஒன்றரை வருடமாக அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தும்படி ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சொன்னதோடு நிற்காமல், வெள்ளைத் தாள் ஒற்றையில் அழகாக எழுதி, கணினித் திரைக்குக் கீழே ஒட்டியும் வைத்தேன்: “பெட்டி வந்தால் பச்சையை அழுத்தவும்.”

எங்கள் சனசமூக நிலையம் தர்மபுரத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில், பால் சேகரிக்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. அங்கே நூலகப் பொறுப்பு என்னுடையது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையும், பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரையும் திறந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒரு கணினியை வாங்கித் தந்தபோது நிர்வாகக் குழு இரண்டு விதிகளைப் போட்டது. ஒன்று, திரை வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கூடாத படம் பார்ப்பவர்கள் அகப்பட வேண்டுமாம். மற்றது, பாவிப்பவர் எல்லோரும் கொப்பியில் பதிய வேண்டும். அந்தக் கொப்பிக்குக் கோடு போட்டது நான்தான். திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், நோக்கம், கையொப்பம் என்று ஏழு நிரல்கள். இதில் எதுவும் எவருக்கும் புதினமாகத் தோன்றவில்லை.

இந்தப் பக்கத்து ஆட்கள் பதிவதில் பழகிப்போனவர்கள். முகாமில் பதிந்தோம், சோதனைச் சாவடியில் பதிந்தோம், நிவாரணத்துக்குப் பதிந்தோம், வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தோம். மேசையில் ஒருவர் கொப்பியோடு இருந்தால் கை தானாகவே அடையாள அட்டையை எடுக்கும். எதற்கு என்று கேட்டால் வரிசை நின்றுவிடும். பின்னால் நிற்பவர் ஏசுவார். பச்சைப் பொத்தானையும் நான் அப்படித்தான் விளங்கியிருந்தேன். கேட்பதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் இன்னொரு வாசல். வேறு ஊரில் இருப்பவர்கள் ஒருவேளை ஒரு தரமாவது அந்தச் சாம்பல் எழுத்தை வாசித்திருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

எங்கள் சந்தியில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு முப்பத்து நான்கு வயது. அவளுடைய கணவன் நான்கு வருடத்துக்கு முன் பரந்தன் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தாயும் மகளும் மாமியாரின் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியார் இரண்டு மாடு வளர்த்து, காலையும் மாலையும் பால் கொண்டுவந்து கொடுப்பவர். அதிகம் கதைக்க மாட்டார். மகனின் படத்துக்குத் தினமும் பூ வைப்பார்.

அந்தப் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து மேசையோடு ஒட்டி நின்றாள்.

“அக்கா, ஒரு விசயம். சிரிக்கக்கூடாது.”

“சொல்லு பிள்ளை.”

“கலியாணத்துக்கு ஆள் தேடுற சைட் ஒண்டில பதியோணும். எனக்குத்தான்.”

நான் சிரிக்கவில்லை. போனிலேயே செய்யலாமே என்று கேட்டேன்.

“போன் மகளின்ர கையில. அவள் படிக்கிறதும் அதில, மாமிக்குக் கனடாவில இருந்து வாற கோலும் அதில. அதில பதிஞ்சால் கோயில்ல லவுட்ஸ்பீக்கர் கட்டிச் சொன்ன மாதிரி.”

“மாமிக்குத் தெரியுமோ?”

“தெரியாது. மறைக்கோணும் எண்டு இல்லையக்கா. ஆள் ஒண்டு சரிவந்தால் நானே சொல்லுவன். ஆனா வேற ஒருத்தற்ற வாயால அவாவுக்குப் போகக்கூடாது. அவாவின்ர வீட்டில இருந்து, அவாவின்ர மகன்ர படத்துக்கு முன்னால சோறு தின்னுறன். அவா இதை றோட்டில நிண்டு கேட்டால், பிறகு நான் எப்பிடி அந்த வீட்டுக்குள்ள போறது?”

அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். நானும் ஓம் என்று சொன்னேன்.

அவளுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்து, அந்தத் தளத்தில் பதிவும் செய்து கொடுத்தேன். பெட்டி வந்தது. பச்சையை அழுத்தினேன். அதற்குப் பிறகு அவள் செவ்வாயும் வெள்ளியும் கடை திறக்க முன்னர், வேறு ஆட்கள் வராத நேரத்தில் வந்து அரை மணி நேரம் இருப்பாள். நோக்கம் என்ற நிரலில் “தையல் மாதிரி பார்க்க” என்று எழுதுவாள். அவள் எழும்பிய பிறகு எல்லாவற்றையும் நான் சரிபார்ப்பேன். தளத்திலிருந்து வெளியேறினாளா, பக்கங்கள் மூடியாயிற்றா என்று பார்த்து, பார்வையிட்டவற்றின் பட்டியலையும் அழிப்பேன். அந்த இடத்தில் குக்கீகளையும் அழிக்கவா என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதை அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள் என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது. நிலையத்தின் மின்னஞ்சல் அதே கணினியில் திறந்தபடி கிடந்தது. அதன் கடவுச்சொல்லைப் பழைய செயலாளர் எங்கே எழுதி வைத்தாரென்று எவருக்கும் தெரியாது. வீண் வில்லங்கம் எதற்கு என்று அந்தக் கட்டத்தில் இருந்த சரி அடையாளத்தை ஒவ்வொரு முறையும் கவனமாக எடுத்துவிட்டேன். தெரியாததில் கைவைக்காமல் விடுவதுதான் ஒழுங்கு என்பது என் எண்ணம்.

மூன்றாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் போய்ப் பத்து நிமிடத்தில் நிலையத் தலைவர் வந்தார். ரொறன்ரோவில் அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் இறந்திருந்தார். இறுதிக்கிரியை எத்தனை மணிக்கென்று மரண அறிவித்தல் தளத்தில் பார்க்க வந்தார். இங்கே எல்லா வீட்டிலும் அந்தத் தளம் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். யார் எந்த நாட்டில் போய்ச் சேர்ந்தார் என்பது அதில்தான் தெரியவரும். விறாந்தையில் இரண்டு பேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கொப்பியில் பதிந்தார், கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார், நான் எழுதி ஒட்டியதைப் பார்த்துப் பச்சையை அழுத்தினார்.

“தங்கச்சி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. செத்தவீட்டுக்குள்ள கலியாணப் புறோக்கர் நிக்கிறார்.”

போய்ப் பார்த்தேன். கோட் போட்ட இறந்தவரின் படம். அதைத் தொட்டபடி, மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் ஒரு சோடி. “மறுமணம்: உங்கள் தேடலைத் தொடருங்கள். கிளிநொச்சி, வவுனியா வரன்கள் காத்திருக்கிறார்கள்.” கீழே இறக்கினால், பூதவுடல் பார்வைக்கு வைக்கப்படும் நேரத்துக்கும் தகனம் செய்யும் நேரத்துக்கும் நடுவில் திரும்பவும் அதே சோடி.

“நான் ஒண்டும் தேடேல்லையப்பா,” என்றார் தலைவர், விறாந்தைக்குக் கேட்கும்படி. “என்ர மனிசி இன்னும் நல்ல சத்தத்தோட இருக்கிறா.”

விறாந்தையில் சிரிப்புக் கேட்டது.

“விளம்பரம் எல்லாருக்கும் வாறதுதானே அண்ணை,” என்றேன்.

“எனக்கு வீட்டில வாறேல்லையே! எனக்கு உரமும் மருந்தடிக்கிற மெசினும்தான் வரும். நான் அதுகளைத்தான் பாக்கிறனான். ஆர் எதைப் பாக்கினமோ, அதுதான் பின்னால வரும்.” சொல்லிக்கொண்டே கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். அவருடைய விரல் தன் பெயருக்கு ஒரு வரி மேலே போய் நின்றது. “எனக்கு முதல் ஆர் இருந்தது? ஆ… தையல் மாதிரி பாக்க. பாத்தியளே, சட்டைக்கு அளவெடுக்க வந்தவ மாப்பிள்ளைக்கும் எல்லே அளவெடுத்திட்டுப் போயிருக்கிறா!”

இந்த முறை விறாந்தைக்காரர் இருவரும் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கொப்பியை மூடினேன். மூடி என்ன பயன்? தலைவர் சிரித்த சிரிப்பில் இறுதிக்கிரியை நேரத்தைக் குறித்துக்கொள்ள மறந்து போனார். பின்னேரம் எனக்குக் கோல் எடுத்து, அந்த நேரத்தை ஒருக்கால் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

அன்று மாலைக்குள்ளேயே கதை பால் சேகரிக்கும் இடத்துக்குப் போய்விட்டது. பாதையைக் கடந்தால் அந்த இடம்.

அடுத்த நாள் நான் கதவு திறக்க வரும்போது அவள் படியில் இருந்தாள்.

“மாமி பால் குடுக்கப் போன இடத்தில கேட்டிட்டு வந்தவா,” என்றாள். “ஒரு வாத்தை கேக்கேல்லை. வாளியைக் கழுவிக் கவிட்டு வைச்சா. மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டா. எனக்குச் சோறு போட்டு மூடி வைச்சிட்டுப் போய்ப் படுத்திட்டா. ஏசியிருந்தால் நல்லமக்கா.”

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப எப்பிடி? நான் எல்லாத்தையும் மூடிப்போட்டுத்தானே போனனான். நீங்களும் பாத்தனீங்கள்தானே.”

நடந்ததைச் சொன்னேன். விளம்பரம், கொப்பி, தலைவர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். விளம்பரம் எப்படி அவளைத் தெரிந்து வைத்திருந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. முழுவதும் நம்பினாள் என்றும் தெரியவில்லை. எழும்பிக் கடைக்குப் போனாள். அந்தக் கேள்விக்கு மறுமொழி கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக நான் சோதித்துப் பார்த்தேன். ஆட்டுத்தீவனம் விற்கும் ஒரு தளத்தைத் திறந்து பச்சையை அழுத்தினேன்; மூடினேன்; பட்டியலை வழமை போல அழித்தேன். பிறகு காலநிலை பார்க்கும் தளத்தைத் திறந்தேன். மழை வருமா என்று கேட்ட எனக்குப் பக்கத்தில் ஆட்டுத்தீவன மூட்டை வந்து நின்றது. மரண அறிவித்தல் தளத்திலும் அதே மூட்டை.

பிறகு அந்தத் தளங்களின் குக்கீக் கொள்கை என்ற பக்கங்களை அகராதியோடு மூன்று நாள் இருந்து வாசித்தேன். ஆங்கிலத்தில், ஒரு பத்தி வாசித்தால் முந்தின பத்தி மறந்துபோகும்படி எழுதியிருக்கிறார்கள். விளங்கியதைச் சொல்கிறேன். குக்கீ என்பது ஒரு சின்னக் குறிப்புத் துண்டு. நாங்கள் போன தளம் அதை எழுதி எங்கள் கணினியிலேயே வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை போகும்போது அதை எடுத்து வாசித்து, இன்ன ஆள் திரும்ப வந்திருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. இவற்றில் சில தேவையானவை. நீங்கள் உள்நுழைந்ததை, தமிழில் பார்க்க விரும்பியதை அவைதான் நினைவில் வைக்கின்றன; அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் தளம் உங்களை மறந்துவிடும். அவற்றில் எனக்குக் கோபமில்லை. மற்றவை நீங்கள் போன தளத்துடையவை அல்ல. அந்தத் தளம் தன் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கும் விளம்பரக்காரருடையவை. கலியாணத் தளத்திலும் மரண அறிவித்தல் தளத்திலும் இடம் பிடித்திருப்பது ஒரே விளம்பரக்காரர். ஒரு வாசலில் எழுதி வைத்ததை மற்ற வாசலில் நின்று வாசிக்கிறார். இப்படிப்பட்ட துண்டுக்குத் தின்னும் விசுக்கோத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சாம்பல் எழுத்தையும் முதல் முறையாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே “எங்கள் பங்காளர்கள்” என்று ஒரு பட்டியல். எண்ணத் தொடங்கி, மூன்றாவது பக்கத்தில் விட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், லைட் சுவிட்ச் மாதிரி, ஒரு சின்ன ஆளி. நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும்; எல்லாம் ஏற்பதற்கு ஒரு தட்டு போதும். நிறுத்தி முடித்தேன் என்று நினைத்தபோது இன்னொரு தாள் திறந்தது. “நியாயமான நலன்” என்று அதற்குப் பெயர். அங்கே எல்லா ஆளிகளும் முன்கூட்டியே போட்டபடி கிடந்தன. ஒருத்தியின் மறுமணத்தை ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவதில் இவர்களுக்கு இருக்கும் நியாயமான நலன் என்ன? கையைக் கழுவிவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன்.

சகிக்க முடியாதது இன்னொன்றும் இருந்தது. அந்த விளம்பரம் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. அதற்கு எங்கள் தையல்காரி யாரென்று தெரியாது. இந்தக் கணினியில் யாரோ மறுமணம் தேடியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். பெயரைச் சொன்னது என் கொப்பி. எவருக்குப் பிறகு எவர், எத்தனை மணிக்கு, எதற்காக என்று நேர்கோடு போட்டு, எவரும் திருப்பிப் பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்தவள் நான். அந்தக் கோடுகளின் நேர்த்தியில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மரண அறிவித்தலைப் பார்த்தபோது வந்த அதே அருவருப்பு, கொப்பியைத் திறந்தபோதும் வந்தது.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். இனிக் கொப்பி இல்லை, ஆளுக்கொரு துண்டுத் தாளில் பெயரும் கையொப்பமும் மட்டும் இருக்கும், நோக்கம் கேட்பதில்லை, திரை சுவரைப் பார்க்கும்.

தலைவர் கதிரையில் சாய்ந்தார். “சின்ன விசயத்தைப் பெருசாக்காதேங்கோ தங்கச்சி. ஒரு பகிடிக்குச் சொன்னது. அதோட நானோ சொன்னனான்? கொம்பியூட்டர் எல்லே சொன்னது.”

“கொம்பியூட்டர் பேர் சொல்லேல்லை அண்ணை. கொப்பியில கிடந்தது. வாசிச்சது நீங்கள். விறாந்தைக்குக் கேக்க வாசிச்சது நீங்கள்.”

“சுவரைப் பாத்து வைச்சால் பெடியள் என்னத்தைப் பாப்பாங்கள் எண்டு ஆர் காவல் இருக்கிறது?”

“ஒண்டரை வருசமா வாசலைப் பாத்து இருந்ததில அகப்பட்டது ஒரு தையல்காரிதான்.”

தலைவர் தேத்தண்ணி வரவில்லையா என்று கேட்டார். எதிர்ப்பு இல்லாததால் தீர்மானம் நிறைவேறியது என்று அறிக்கையில் எழுதினேன்.

“கடவுச்சொல் மறந்துவிட்டதா?” என்பதை அழுத்தி நிலையத்தின் மின்னஞ்சலுக்குப் புதுக் கடவுச்சொல் போட்டு, அதைப் பூட்டுள்ள அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு அந்தக் கட்டத்தில் சரி போட்டு, குக்கீகள் எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உலாவியின் அமைப்புகளுக்குள் போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்தேன். உலாவியை மூடும்போது எல்லாம் தானாக அழியும்படியும் செய்தேன். தனிப்பட்ட சாளரத்தை எப்படித் திறப்பது என்றும் பழகினேன். அதில் பார்ப்பவை மூடியதும் அந்தக் கணினியில் தங்காது. ஆனால் நாங்கள் போன தளத்துக்கு நாங்கள் வந்தது தெரியும், உள்நுழைந்தால் யாரென்றும் தெரியும்; அது ஒன்றும் மாயப் போர்வை அல்ல. திரைக்குக் கீழே இருந்த ஒற்றையைக் கிழித்து, வேறு எழுதி ஒட்டினேன்: “பெட்டி வந்தால் நிராகரி என்பதைத் தேடவும். உடனே தெரியாது. இருக்கும்.”

அவள் பன்னிரண்டு நாள் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை வந்தாள். கணக்கை அழிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, கேட்காமலே அந்தப் பக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். நான்கு இடத்தில் அழுத்திய பிறகுதான் அது அகப்பட்டது. “நீங்கள் போவது எங்களுக்குக் கவலை தருகிறது” என்று வந்தது. கீழே காரணம் கேட்டு ஒரு பட்டியல்: இத்தளத்தில் துணை கிடைத்தது, வேறு வழியில் துணை கிடைத்தது, இப்போது விருப்பமில்லை, வேறு. காரணம் ஒன்றைத் தெரிவு செய்யாமல் போக முடியாது.

அவள் அதை மேலிருந்து கீழ் வரை வாசித்தாள்.

“மாமி கதைக்கிறாவோ?” என்று கேட்டேன்.

“சாப்பிட வா எண்டுறா, மழை வரப்போகுது உடுப்பை எடு எண்டுறா. வேற ஒண்டும் இல்லை.” திரையை விரலால் காட்டினாள். “இதில எதையக்கா அமத்துறது? விருப்பமில்லை எண்டோ? விருப்பமில்லாமலோ போறன்?”

“ஆக்கள் கதைக்கினம் எண்டு ஒரு கட்டம் இல்லை,” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

“ஆக்களுக்கு என்ன தெரியும்? நான் தேடுறன் எண்டு தெரியும். ஆரை எண்டு தெரியாது. வவுனியாவில ஒருத்தர் எழுதியிருக்கிறார், வெல்டிங் வேலை, அவருக்கும் மனிசி இல்லை. அது ஒருத்தருக்கும் தெரியாது, உங்களுக்கும் இப்பதான் தெரியும். முதல் கதையை மாமி றோட்டில கேட்டிட்டா. இதையும் றோட்டில கேக்க விடமாட்டன்.”

அந்தப் பக்கத்திலிருந்து பின்னுக்குப் போனாள். எங்கே அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் விறாந்தைக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டுறார். வரச்சொல்லிப் போட்டன். பாத்ததெல்லாம் அழிச்சாச்சு அக்கா, ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

“கடை திறக்கேல்லையோ?”

“பிறகு. மாமி இப்ப மாட்டுக்குத் தண்ணி வைச்சுக்கொண்டு நிப்பா. அதில வைச்சே சொல்லுறன். என்னைப் பாக்காமல் நிக்க அவாவுக்கு ஒரு வேலை இருக்கும்.”

சைக்கிளைத் திருப்பி, சந்திப் பக்கம் போகாமல், வீட்டுப் பக்கம் மிதித்தாள்.